பூச்சோங்கில் இருப்பவள்

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்று கிள்ளானில் பண்டமாரான் பக்கம் இரண்டு பிளாக் கணக்கெடுப்பு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கேள்விகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டே படி ஏறினேன். வீட்டில் யார் யார், யாருடைய வீடு, யாருக்கு என்ன வேலை. நகராண்மைக் கழகம் தன் வட்டாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவது இவ்வளவுதான். அதைக் கேட்டு வருவதற்குத்தான் ஷா ஆலமில் எங்கள் நிறுவனம், அதில் எனக்கு ஒரு நாற்காலி.

கேள்விகள் எளிமையானவை, பதில்கள் அப்படி இல்லை. என்ன வேலை செய்றீங்க என்று ஓர் அக்காவைக் கேட்டேன். "சும்மாதான்மா இருக்கேன்" என்றார். கை தன் பாட்டுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தது. காலையில் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் விற்கப் போகும் பூ. துறைமுகக் கிடங்கில் லோரிகளுக்குப் பெட்டி ஏற்றுகிற ஒருவர், தனக்கு வேலையே இல்லை என்றார். ஏஜெண்டு கூப்பிட்டால் போவது வேலை ஆகாதாம். இன்னொரு வீட்டில் உள்ளே நேப்பாளத் தொழிலாளர்கள் படுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கதவைப் பாதி மூடிக்கொண்டு, "சொந்தக்காரங்க லா" என்றார். சிரிக்காமல் எழுதிக்கொண்டேன்.

யாரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றுவதில்லை. கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார் என்று பயந்து, தங்களைக் கொஞ்சம் சின்னதாக்கிச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

14 ஜூன், சனி

சாப்பிடும்போது அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்டான். முதல் தடவையாக.

கிள்ளானில் இருக்கும் எங்கள் பிளாட்டும் கணக்கெடுப்பில் வருகிறது. அப்பா நகராண்மையில் சாலை வேலை பார்த்தபோது கிடைத்த வாடகை வீடு. பழசாகிவிட்டது, இடிக்கப் போகிறார்கள். பின்னால் கட்டி முடித்திருக்கும் புது அடுக்குமாடியில், ஓர் 'இசி ரூமா'வுக்கு ஒரு வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் கேட்டான்.

எனக்குப் பிடித்த சொல் அது. மலாயில் நேரே எடுத்தால், வீட்டுக்குள் இருப்பது. தமிழில் கேட்கும்போது நாங்கள் 'குடும்பம்' என்கிறோம், ஆனால் அது வேறு. இங்கே ரத்த உறவு முக்கியமில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஓர் இசி ரூமா. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்றால் இரண்டு. ஒவ்வொன்றின் வருமானத்தையும் தனியாகப் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் வீடு கிடையாது. இதையெல்லாம் சோற்றைப் பிசைந்தபடியே விளக்கினேன். அம்மாகூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி குழந்தைக்கு ஊட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீ படிச்சது வீண் போகல லா," என்றான் அண்ணன்.

புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறவள் என்றுதான் இந்த வீட்டில் எனக்குப் பெயர். இன்று நான் பேசினேன், எல்லாரும் கேட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. அதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

22 ஜூன், ஞாயிறு

அண்ணன் புது அடுப்பும் கேஸ் நிரப்பிய ஒரு தோங்கும் வாங்கி வந்து, துணி காயப் போடும் இடத்தில் வைத்தான். இனிமேல் தனிச் சமையலாம். அம்மாவின் மீன் கறி பற்றி அண்ணி ஏதோ சொன்னாளாம், அதில் வந்த சண்டையாம்.

இரண்டு வீடு கிடைப்பதற்காகச் செய்கிறார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் அம்மாவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

23 ஜூன், திங்கள்

அண்ணியிடம் சமாதானம் பேசப் போனேன். "விடு புனிதா, உனக்குப் புரியாது," என்றாள்.

25 ஜூன், புதன்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்தால், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அண்ணியின் தட்டில் மீன் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டோம் லா," என்றான் அண்ணன்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? ஆபிசில் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொந்த வீட்டை நாமே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. எங்கள் பிளாக்கை என்னோடு வேலை பார்க்கும் மார்வினிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் பார்ப்பதை அவன் எழுதட்டும்.

ஆனால் அம்மா அழுதாளே. அது என்ன? என்னை வைத்து ஒத்திகை பார்த்தார்களா? நான் நம்பினால் ஊரே நம்பும் என்றா?

3 ஜூலை, வியாழன்

மார்வின் எங்கள் பிளாக்கை முடித்துவிட்டு ஆபிசுக்கு வந்தான். அம்பாங்கிலிருந்து வருகிறவன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான், ஆனால் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டான். இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே நண்பன் என்று சொல்லலாம்.

"உங்க வீட்டுல ரெண்டு டீ குடிச்சேன்," என்றான். "அம்மா கணக்குல ஒண்ணு, அண்ணி கணக்குல ஒண்ணு. வேணாம்னா விட்டாத்தானே."

சிரித்தேன். இரண்டு அடுப்பையும் பற்றவைத்தே காட்டியிருக்கிறார்கள்.

"ஆமா, நீங்க பூச்சோங்ல இருக்கிறத சொல்லவே இல்லையே புனிதா? ரெண்டு வருஷமாமே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா சொல்லியிருக்கிறாள். தான் தனியாக இருப்பதாக. மகள் பூச்சோங்கில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாக. எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாக.

மார்வின் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். என்ன பேசினான் என்று இப்போது நினைவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வாசலில் கிடக்கும் என் செருப்புகள் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரிக்குள் இருந்தன. என் புத்தகங்கள் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம். ரெண்டு வருஷமா எங்க இருந்தேன் நான்? யார் வீட்டுல தூங்கினேன்? போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப சொட்டு மருந்து ஊத்தினது யாரு? எப்பவாவது வர்றவளா?

4 ஜூலை, வெள்ளி

கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயம்.

6 ஜூலை, ஞாயிறு

கேட்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அண்ணன்தான் விளக்கினான். நான் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னால் என் சம்பளம் அம்மாவின் கணக்கில் சேரும், வரம்பைத் தாண்டும், அந்த வீடு போகும். அண்ணனோடு சேர்த்தால் அவன் வீடு போகும். நான் இல்லையென்றால் இரண்டும் வரும். நான் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த அதே சொற்களில், அதே வரிசையில், எனக்கே சொன்னான். நன்றாகப் படித்திருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ரூல்ஸ் பேசுவ," என்றாள் அம்மா.

"பேசியிருப்பேன். பேசிட்டு சரின்னும் சொல்லியிருப்பேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல தானே லா பாப்பா," என்றான் அண்ணன். "பேப்பர்ல இல்லன்னா நீ இல்லாமயா போயிடுவ? வீடு கிடைச்சதும் அம்மா வீட்டுல ஒரு ரூம் உனக்குத்தான்."

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நியாயம் பேச வராததை நான் மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு அம்மா சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "எப்படியும் நீ போறவதானே புனிதா. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு."

எப்படியும் போறவ.

எங்க போறேன் நான்? யாராவது வந்து கேட்டாங்களா? நான் போறேன்னு சொன்னேனா? அப்பா போனதிலிருந்து இந்த வீட்டை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாப்ல வெளிய இருந்திருக்கேனா? அப்ப இத்தனை வருஷமும் என்னைப் பார்த்தப்பெல்லாம் இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாளா? சோறு போடும்போது, தலை சீவி விடும்போது? போறவதானே, போறவதானேன்னு?

அண்ணன் ஏமாற்றியது வலிக்கவில்லை. அவன் ஒரு வீட்டுக்காகச் செய்தான். அம்மா எதற்காகவும் செய்யவில்லை. அவளுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்ட உண்மை, அவ்வளவுதான்.

8 ஜூலை, செவ்வாய்

மதியம் மார்வின் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினான். எங்கள் பிளாக்கின் சரிபார்ப்பு வெள்ளியோடு முடிகிறது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதற்குள் சொல்ல வேண்டுமாம்.

"நான் எதுவும் கேக்க மாட்டேன்," என்றான். "நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு சொல் போதும். கிள்ளான் என்றால் போதும். அம்மாவின் வீடு போகும். அண்ணன் அடுத்த தடவை என்னைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பான் என்று தெரியும். அம்மா எங்கே போவாள் என்றும் தெரியும். அண்ணனின் புது வீட்டில் ஒரு மூலைக்கு.

இதுவரை எவ்வளவோ வீடுகளில் கேட்ட கேள்விதான். என்னிடம் யாரும் கேட்டதில்லை. பூ கட்டிய அந்த அக்காவைப்போலக் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"பூச்சோங்தான்," என்றேன்.

அவன் சரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

12 ஜூலை, சனி

என் கணக்கெடுப்பில் நானே ஒரு பொய்யாக இருக்கிறேன். அது என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா சொன்னதைவிட இது சின்ன விஷயம், ஆனால் இதை மட்டும்தான் என்னால் சரிசெய்ய முடியும்.

அதனால் அறை தேடப் போனேன். முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நல்ல அறை, ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, இரண்டு திருப்பம் தாண்டினால் புத்தகக் கடை. எனக்காகவே செய்துவைத்ததுபோல இருந்தது. வாடகைக்கு விடுகிறவரிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்று அம்மா சொல்லவில்லையே.

மதியம் பூச்சோங். வாடகைக்கு விடுகிற கெர்ட்ரூட் ஆன்டியின் வீட்டு மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை. ஆன்டி ஓய்வுபெற்ற தாதி. ஏன் இவ்வளவு தூரத்தில் அறை எடுக்கிறாய், வேலை ஷா ஆலமில்தானே, வீடு கிள்ளானில்தானே என்று கேட்டார். குடும்பத்தில் பூச்சோங் என்றுதான் முடிவு செய்தார்கள் என்றேன்.

"நல்ல குடும்பம்மா," என்றார் ஆன்டி.

20 ஜூலை, ஞாயிறு

அண்ணன் வேன் கொண்டுவந்தான். நான் போவது அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சும்மா சொன்னதுக்கு நிஜமாவே போறியே லா. வெரிஃபிகேஷன் அன்னைக்கு மட்டும் எங்கயாவது போயிருந்தாப் போதாதா?" என்று இரண்டு தடவை கேட்டான். வழியெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

அம்மா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கித் தந்தாள். பெரியது கீழே, சின்னது மேலே. எதையும் மறக்கவில்லை. ஒன்றைக்கூட, "இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லவில்லை.

சொல்வாள் என்று காத்திருந்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

இன்று அறிக்கையில் மக்கள்தொகை அத்தியாயம் எழுதினேன். முதியவர்கள் அதே பிளாட்டுகளில் தங்கிவிட, இருபது முப்பது வயதினர் வட்டாரத்தை விட்டு வெளியேறுகிறார்கள், பெரும்பாலும் பூச்சோங், ஷா ஆலம் பக்கம். வெளியேறிய காரணங்கள்: வேலை, திருமணம், படிப்பு, வாடகை, மற்றவை.

'மற்றவை' சின்ன விகிதம்தான். முன்பெல்லாம் அதைப் பார்க்காமலே தாண்டிப் போவேன். இன்று அந்த ஒரு வரியில் நெடுநேரம் நின்றேன். உள்ளே எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

3 அக்டோபர், வெள்ளி

அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப். இரண்டு வீடும் கிடைத்துவிட்டதாம். கைகூப்பும் படம் ஒன்று. கீழே, "தேங்க்ஸ் புனிதா" என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டிலிருந்து வந்த ஒரே நன்றி. பதிலுக்கு ஒரு பூவை அனுப்பினேன்.

16 நவம்பர், ஞாயிறு

புது வீட்டைப் பார்க்கப் போனேன். அம்மாவின் வீடு ஏழாவது மாடியில். நல்ல காற்று, சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை. இரண்டு அறை. ஒன்றில் அம்மாவும் குழந்தையும், இன்னொன்றில் அண்ணனும் அண்ணியும். எதிர் வரிசையில் இருக்கும் அண்ணனின் வீட்டைக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பங்களாதேசிகளுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. கார் கடன் இருக்கு, கொஞ்ச நாளைக்குத்தான் என்றான் அண்ணன். எனக்கு என்று சொன்ன அறையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. இந்தத் தடவை நடிப்பில்லை, எனக்குத் தெரியும். "வாம்மா, உக்காரு," என்று மின்விசிறியைப் போட்டாள். கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு தண்ணீர் கொண்டுவந்தாள், தட்டில் வைத்து. பூச்சோங்கில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஆன்டி எப்படி என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இருட்டுவதற்குள் கிளம்பணும் என்றேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றாள்.

கோழி வறுவல், எனக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இந்த அம்மா, என் தட்டை நானே கழுவாமல் ஒரு நாளும் வைக்கவிட்டதில்லை. காய்ச்சல் நேரத்தில்கூட விட்டதில்லை. இப்போது ஓடி வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள்.

"விடும்மா, வீட்டுக்கு வந்தவளைப் போயி—"

பாதியில் நிறுத்திவிட்டாள்.

இரண்டு பேரும் தட்டைப் பிடித்தபடி நின்றோம். பிறகு நான் கையை எடுத்தேன். அம்மா அந்த ஒரு தட்டை, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, அவள் திரும்பட்டும் என்று வாசலில் நின்றேன்.