சாயந்தரம் வர்ற அம்மா

ஏங்க,

பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ் வர்ற நேரம், உங்கள எழுப்பல. லோஷினிய தத்தெடுக்கப் போட்ட லீவு முடிஞ்சிருச்சு. அவளுக்கு இடியாப்பம் மூடி வச்சிருக்கேன். காரச் சம்பல் வேணாம், சீனி போதும். வாசல் கிரில் கதவுச் சாவி பிரிட்ஜ் மேல இருக்கு.

"வந்த அன்னிக்கே உன்ன அம்மான்னு கூப்பிட்டாளே, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க"ன்னு நேத்து கேட்டீங்க. காரணம் இதாங்க. அவ இருந்த இல்லத்துல, ஷிப்டு மாத்தி வர்ற ஆயாங்க எல்லாரையும் பிள்ளைங்க அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நேத்து நான் யூனிபார்ம் அயர்ன் பண்றதப் பாத்துட்டு, "நாளைக்கு எந்த அம்மா வருவாங்க?"ன்னு கேட்டா. அழக்கூட இல்லங்க.

குமுதா

எந்திரிச்சதும் திரும்பக் கேப்பா. இதே அம்மாதான் வருவாங்கன்னு சொல்லுங்க. சாயந்தரம் அவளத் தூக்கிக்கிட்டு வாசல் கேட் பக்கத்துல நில்லுங்க. பஸ்ஸிலேர்ந்து நான் இறங்குறத அவ பாக்கணும்.