மழை இடித்த சுவர்

அன்பு மகளுக்கு,

உன் புகுந்த வீட்டு முன்னோரும் அவர்கள் பகையாளிகளும் வெட்டிக்கொண்டு செத்தபோது, தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இரு தரப்புக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். கோடையில் ஆலவேர் அதைப் பிளந்தது. நேற்று மழை இடித்துத் தள்ளியது. குழிகள் கரைந்து எலும்புகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்தெடுக்க இரு குடும்பமும் கடப்பாரையோடு வந்தன.

தோட்டக் காவல்காரன் என்பதால் குறுக்கே நின்றேன்.

"மாமா, தள்ளி நில்லுங்க, மேல பட்டுடப்போகுது" என்றார் மாப்பிள்ளை. மரியாதை தெரிந்தவர். பிறகு உடைந்த கல்சிலுவையால் என் மண்டையில் அடித்தார். அந்தச் சிலுவை யார் தாத்தாவுடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

அடித்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. பல் துலக்குவதுபோல் பழகிய கை. அப்போதுதான் நீ அடிக்கடி மாடிப்படியில் விழுவது நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டில் மாடியே கிடையாதே, அம்மா.

மாப்பிள்ளை காவல் நிலையத்தில் இருக்கிறார். இதைக் கொண்டுவரும் வண்டிக்காரர் வாசலிலேயே நிற்பார். ஏறி வந்துவிடு.

அப்பா