காடிக் கதவுக்குச் சாவி

அன்பு மகன் வெயிலுமுத்துவுக்கு, தாராவியிலிருந்து அப்பா சுடலை சொல்ல, பக்கத்து வீட்டு கிளார்க் பிரம்மநாயகம் எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் அவர் பேனாவைத் திறந்தார், நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். நீ அங்கே சுகமாக இருக்க மாடசாமி துணை. இங்கே உன் அக்காள் கனகவள்ளியின் மகள் தங்கமயில் காய்ச்சலில் கிடக்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், பதறாதே. ஆனால் இதை முழுசாகப் படி, வருகிற வியாழக்கிழமை அமாவாசை, அதற்குள் நீ ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

நீ மெட்ராஸில் வேலை பார்க்கிற சிறுவர் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதுகிறாயே, தாராவிப் பையன் ஒருவன் காடியில், நம் உப்பங்கழியில், கடல் தண்ணீர் இறங்கும்போது சேற்றுக்குள் இரும்புக் கதவு ஒன்றைப் பார்க்கிறான், அமாவாசை அன்று அது திறக்கும், கீழே ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது என்று, அந்தப் புத்தகம் தபாலில் வந்தது. சந்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். தங்கமயில் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், நானும் கேட்டேன். ஒரு தடவை கேட்டதுதான், இப்போதும் வரி பிசகாமல் சொல்வேன். கால் விரலிடையில் சேறு பிதுங்குவதை நீ எழுதியிருந்த விதத்தில் எனக்கே பாதம் கூசியது, பெருமையாகவும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் காடிக்குள் இறங்கிவிட்டாள். அமாவாசைக்கு முன்னால் இடம் பார்த்து வைக்கப் போனாளாம். கனகவள்ளி விற்கப் பொரித்து வைத்திருந்த முறுக்கில் ஒரு பொட்டலம் எடுத்துப் போயிருக்கிறாள், கதவுக்குக் காவல் நிற்கிறவனுக்கு. அவள் அம்மா போலீஸ் ஹவில்தாருக்கு முறுக்கு கொடுத்துத்தானே நடைபாதையில் விற்க உட்காருகிறாள், அதே வழக்கம். முழங்கால் வரை சேற்றில் புதைந்து நிற்கும்போது தண்ணீர் திரும்பி ஏறியிருக்கிறது. தோல் கிடங்கு முகைதீன் கூச்சல் கேட்டு ஓடி, பலகையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் அவளை இழுத்தான். அப்போது தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தூக்கி வரும்போதும் பொட்டலத்தைக் கையில் பிடித்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதமே எழுதச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் கண் விழித்து முதலில் சொன்னது என்ன தெரியுமா, "கதவப் பாத்தேன் தாத்தா, துரு ஏறிக் கெடக்கு" என்று. சேற்றில் எந்தத் தகரம் கிடந்ததோ. அவ்வளவுதான், சந்துப் பிள்ளைகள் எல்லோரும் அவளைச் சுற்றிக் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் போனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமைக்கென்று கயிறுகூட ஒன்று தேடி வைத்திருந்தார்கள், அதைப் பிடுங்கிவிட்டேன். வேறு கயிறு கிடைக்காதா?

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. காடியில் தலை இல்லாத பேய் உலாவுகிறது என்று சொல்லிப் பார்த்தேன், "பேய் ராத்திரிலதான வரும், நாங்க பகல்ல போறோம்" என்றார்கள். பேச்சைக் கேட்காத ஆட்டுக்குட்டியை நரி கொண்டு போன கதையைச் சொன்னேன், பாதியில் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் கோபம் வந்து, எல்லாம் உங்கள் மாமா கட்டிவிட்ட பொய் என்று கத்தினேன். அதற்குத் தங்கமயில் படுத்தபடியே சிரிக்கிறாள். "தாத்தாதான் ஜூட் சொல்லுதாரு, பொய்யி. கதையிலயும் ஒரு தாத்தா இப்டித்தான் பொய்யி பொய்யிங்காரு" என்று. நீதானே எழுதினாய், பையனைத் தடுக்கிற அந்தக் கிழவனை. நான் தடுக்கத் தடுக்க அந்தக் கதவு நிஜமாகிக்கொண்டே போகிறது.

எய்யா, நீ சின்னதில் கேட்ட கதைகள் எனக்கு மறக்கவில்லை. நரி பேசியது நிஜமா என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பேய்க் கதைக்குக் கேட்டாய், கேட்டுவிட்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாய். எதை நம்பலாம், எதற்குச் சிரிக்கலாம், எதற்குப் பயப்படலாம் என்று யாரும் சொல்லாமலே உனக்குத் தெரிந்தது. "ஒரு ஊர்ல" என்று தொடங்கினால் அது நம் ஊர் இல்லை என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நீ நம் ஊரையே போட்டுவிட்டாய். தாராவி என்று அச்சில் வந்து இவர்கள் பார்த்ததெல்லாம் பேப்பரில்தான், தீப்பிடித்தது, அடிதடி நடந்தது, காலரா வந்தது என்று, அத்தனையும் நடந்தவை. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். தலைப்புக்கு மேலே மாயக் கதை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாமே, பிரம்மநாயகம் காட்டினார். தங்கமயில் அதைத் தாண்டி நேரே தாராவியில்தான் வந்து நின்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் கூட்டாமல் வாசித்தாள்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதச் சொல்லவில்லை. அந்தக் கதவில் பூசணிக்காய் அளவு பூட்டு தொங்கியது என்று எழுதியிருக்கிறாய், சாவி யாரிடம் என்று இதுவரை எழுதவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் பிள்ளைகள் பெயருக்கு ஒரு தந்தி அடி. சாவி என்னிடம் இருக்கிறது, நான் வரும்வரை கதவு திறக்காது, யாரும் போக வேண்டாம், இப்படிக்கு மாமா, என்று. நான் சொன்னால் பொய், நீ சொன்னால் நம்புவார்கள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்று கனகவள்ளி அலறிவிடுவாள், அவளிடம் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன். அடுத்த புத்தகத்தை நானே தபால்காரரிடம் வாங்கி மறைத்துவிடுகிறேன். வியாழக்கிழமை முகைதீனும் நானும் காடிக் கரையில் நிற்போம், ஆனால் கரை நீளம், என் கண்ணோ மங்கல்.

தந்தி அடித்துவிட்டு நீ கட்டாயம் வர வேண்டும். வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து, இது எந்த வகைக் கதை என்று உன் வாயால் சொல். அழுவார்கள், அழட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்து எழுதாதே. எல்லாத் தெய்வமும் உன்னைக் காக்கட்டும். பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதினாய், பிறகு ஆடிக்கு என்று எழுதினாய், நான் ஒன்றும் கேட்கவில்லை, கிழவனுக்கு அது பழகிவிட்டது. பிள்ளைகள் அப்படி இல்லை. நீ எழுதினால் நடக்கும் என்று நம்பித்தான் ஒருத்தி நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
சுடலை (பெருவிரல் ரேகை)