யோகாவின் பாட்டிலைத் திறந்தது நான்தான், மச்சான்

என் அருமை மச்சான் முனியாண்டிக்கு,

போன இடத்தில் உனக்கு மூக்கு இருக்கிறதா? இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படி.

நீ வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளத்தை மறந்திருக்க மாட்டாய். அதில் கிளம்பும் வாயுவைத்தான் உன் மகள் யோகா இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருட உழைப்பு, கடைசியில் சின்னப் பாட்டிலில் கொஞ்சம் கறுப்புத் தூள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைக்குள் ஒரு விசித்திர உப்பு; தண்ணீரே சேர்க்காமல் திரவமாக இருக்குமாம். குளத்து வாயுவை அதன் வழியே விட்டால் கரியமில வாயுவை உப்பு பிடித்துக்கொள்ளும், எரிகிற மீத்தேன் வெளியே வரும். அடுப்பெரிக்கலாம் என்கிறாள்.

உன் திவசத்துக்கு லூனாஸில் உள்ள உன் வீட்டுக்கு வந்தவள் அந்தப் பாட்டிலையும் கொண்டுவந்திருந்தாள். மறுநாள் சோதனை. "திறந்துடாதீங்க மாமா, காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சிரும்" என்றாள்.

என்னிடம் போய்ச் சொல்லலாமா? அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், விஞ்ஞானியின் தாய்மாமன் என்ற கெத்தில், மூடியைத் திறந்து சொந்தக்காரர்களிடம் சுற்றுக்கு விட்டேன். ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள். வெளியே மழை வேறு.

மறுநாள் மாலை அவள் முகத்தை நீ பார்த்திருக்கக் கூடாது.

"ஒண்ணும் பிடிக்கல மாமா. எல்லா வாயுவும் அப்படியே வெளிய வந்துருச்சு. மூணு வருஷம் வீண். பேசாம கூலிம்ல ஃபேக்டரி வேலைக்குப் போயிடவா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பாட்டிலைத் திறந்ததைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டிலையே பார்த்தாள்.

"அப்போ என் தூள் மேல தப்பில்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

தூளைச் சூடாக்கி ஈரத்தை எடுத்துவிட்டாள். மறுசோதனைக்குப் புதிய வாயு வேண்டும். வாயுப் பைகளைத் தூக்குவது எனக்குத் தண்டனை. குளக்கரையில் அரைநாள் நின்றேன் மச்சான். அழுகிய முட்டை நாற்றம் சட்டைக்குள், தலைமுடிக்குள், பல்லிடுக்கில்கூட.

வீட்டு வாசலில் என் தங்கை சரசு மூக்கைப் பொத்தினாள். "அண்ணே, உள்ள வராத லா! குழாயடில குளிச்சிட்டு வா!"

ஆலை வேலை முடிந்து தினமும் நீ நின்ற அதே குழாயடி. ஒரு கல்யாண வீட்டில் "முனியாண்டி வர்றான், சாம்பார மூடுங்க!" என்று நான் கத்தியது நினைவுக்கு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் ஏன் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாய் என்று ஒருநாளாவது கேட்டேனா? இரண்டு தரம் சோப்புப் போட்டேன். போகவில்லை. உனக்கும் போயிருக்காது, இல்லையா?

நேற்று யோகா போன் பண்ணினாள். இந்த முறை உப்பு பிடித்துக்கொண்டதாம். உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றாள், சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமும் அவள் குளத்துக்குப் போகிறாள். பை நான்தான் தூக்குவேன், மூக்கைப் பொத்த மாட்டேன். அன்று சாயங்காலம் கூலிம் சாலையில் ஒரு கல்யாண விருந்து. குளிக்காமலே போய் முதல் பந்தியில் உட்காருவேன். யாராவது முகம் சுளித்தால் உன் பெயரைச் சொல்வேன்.

இன்னும் நாற்றம் போகாத,
உன் மைத்துனன்,
யோகாவின் தாய்மாமன்