அறுபது நாள் பதில் இல்லாத கோரிக்கை

மார்ச் 3, செவ்வாய்

திறந்து கிடக்கும் கோரிக்கைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆபீஸ் விட்டு வந்து எட்டு பார்த்தேன், எட்டையும் மூடினேன். இந்த மாதக் கடைசியில் நம் கால அட்டவணை நிரலுக்குப் பூட்டு. எந்த ஆசிரியருக்கு எந்த பீரியட், எந்த வகுப்பு என்று பள்ளிக்கூடங்களுக்கு அடுக்கித் தரும் நிரல். இலவசம். எழுதிய நிரல் வரிகள் முழுவதும் இணையத்தில் ஊர் பார்க்கத் திறந்தே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திருத்தித் தரலாம். தருகிறவர்தான் ஒருவரும் இல்லை. கேட்கிறவர்கள் மட்டும் ஏராளம். பச்சைக்குப் பதில் நீலம் வேண்டுமாம். நேற்றே வேண்டுமாம்.

"நம்" என்று எழுதியிருக்கிறேன். என் நிரல். ஏழு வருஷமாக என் நிரல்தான்.

மார்ச் 4, புதன்

ஆறு மூடினேன். ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார். மூடியதற்கு!

மார்ச் 7, சனி

ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் அம்மா எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக நம் நிரலைத்தான் ஓட்டுகிறாராம். "மூடப் போறதா போட்டிருக்கீங்களே, நாங்க எங்க போறது? முன்னாடியெல்லாம் ஒரு சார் பதில் போடுவாரு, பக்கம் பக்கமா. அவர் இப்ப இல்லையா?"

அந்த சார் என் தம்பி.

இதைப் படித்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா வீட்டுப் பின்னறைதான் கண்ணிலேயே நின்றது. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. முதுகு உடைந்த நாற்காலி எப்போதும் அவனுக்கு. அம்மா அப்போது டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் கலர் பேப்பரைச் சதுரம் சதுரமாக வெட்டி, தரையில் பரப்பி, மொத்த ஸ்கூலுக்கும் அட்டவணை போடுவாள். ஃபேன் போடக் கூடாது, பறந்துவிடும். வேர்த்துக் கொட்டும். அந்த ஃபேனுக்காகத்தான் நாங்கள் நிரலே எழுதினோம். சும்மா இருக்கட்டுமே என்று இணையத்திலும் ஏற்றி வைத்தோம்.

மூன்றாவது வாரம் முன்பின் தெரியாத ஒரு ஸ்கூலிலிருந்து முதல் கோரிக்கை: "எங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் உண்டு, அதற்கு வழி இல்லையே." நாங்கள் கத்திய கத்தலில் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். யாரோ ஒருத்தர் உபயோகிக்கிறார்! அன்று சாயங்காலமே செய்து அனுப்பினோம். அப்புறம் வந்ததையெல்லாம் அவன் குரல் மாற்றிப் படிப்பான், ஹெட்மாஸ்டர் என்றால் மூக்கால், கிளார்க் என்றால் அழுதுகொண்டே. திட்டி எழுதினால்கூட, "திட்டறாங்கன்னா விட்டுப் போகலன்னு அர்த்தம்க்கா" என்பான்.

என்ன சந்தோஷம் அது. அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு?

மார்ச் 8, ஞாயிறு

அம்மா போனில். பூட்டப் போவதைச் சொன்னேன். "சின்னவன்கிட்ட சொன்னியா?" சொல்லவில்லை என்றேன். "உங்க சண்டை எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. கூடப் பொறந்ததுங்க ஒரு கம்ப்யூட்டருக்காகவா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கும்?"

கம்ப்யூட்டருக்காக இல்லைம்மா. ஒரு கட்டத்துக்காக.

மார்ச் 15, ஞாயிறு

ஏழு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டத்தைக் கேட்டது ஒரு கைக்குழந்தைக்காரி. காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிற டீச்சர். முதல் பீரியட் தனக்கு வேண்டாம் என்று குறித்து வைக்க ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரே வரியில் பதில் போட்டு மூடினேன்: "இது நிரலின் வேலை இல்லை, பள்ளியின் வேலை."

தம்பி குதித்தான். "அந்தம்மா என்ன நிலாவையா கேட்டாங்க?"

என் பக்கமும் நியாயம் இருந்தது. ஹெட்மாஸ்டரின் செல்லப்பிள்ளைகள் நல்ல பீரியடையெல்லாம் வாரிக்கொள்ள, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வருஷா வருஷம் அம்மா தலையில்தான் விழும். ஆள் பார்க்காத அட்டவணை வேண்டும் என்றுதானே எழுதினோம்? வேண்டாம் என்று ஒரு கட்டம் வைத்தால் செல்லப்பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

"அம்மாவுக்கு அன்னிக்கு அந்த ஒரு கட்டம் கிடைச்சிருந்தா?" என்று கேட்டான்.  நான் ரொம்பச் சத்தமாகப் பேசினேன். "உனக்கு எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கணும், உழைக்கறது நான்" என்றேன். அவன் எழுந்து போனான். அதற்கப்புறம் கல்யாணம், காரியம் என்றால் பார்ப்போம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுப் போய்விட்டான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மார்ச் 19, வியாழன்



பூட்டுவதற்கு முன் பழைய பட்டியலைப் பிரதி எடுத்து வைக்கலாம் என்று மூடிய கோரிக்கைகளையும் இறக்கினேன். நடுவில் தம்பி பெயர். சண்டை நடந்து மூன்று வாரம் கழித்து. கோரிக்கை இல்லை — வேலை. அந்தக் கட்டத்தை முழுசாக எழுதி முடித்து அனுப்பியிருக்கிறான். மேலே ஒரு குறிப்பு: "அக்கா, நீ சொன்னதை யோசிச்சேன். யாரும் வாரிக்க முடியாதபடி ஒருத்தர் எத்தனை பீரியட் வேண்டாம்னு சொல்லலாம்னு ஒரு வரம்பு வெச்சிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு."

நான் பாக்கவே இல்லை.

அப்போதுதான் வேலை மாறி, வீடு மாறி, கோரிக்கைத் தொல்லை தாங்காமல் ஒரு தானியங்கியை எழுதி வைத்தேன். அறுபது நாள் பதில் இல்லாத எதையும் அதுவே மூடிவிடும். அறிவிப்பு மெயிலெல்லாம் நான் திறக்காத ஒரு பெட்டிக்குப் போகும். அவன் குறிப்புக்குக் கீழே, சரியாக அறுபதாம் நாள், நான் எழுதிக் கொடுத்த வாசகம்: "அன்புள்ள பயனரே, எங்கள் நிரலில் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி. செயல்பாடு இல்லாததால் இது மூடப்படுகிறது."

அன்புள்ள பயனரே! என் தம்பியைப் பார்த்து!

அதே வருஷம் அம்மா வீட்டில், ஏன் பேசமாட்டேங்கிற என்று நானே கேட்டேன். "பேசணும்னா உன் மெஷின்கிட்ட பேசிக்கிறேன்" என்றான். திமிரைப் பாரு என்று நினைத்தேன். அட மடச்சி. அவன் ரெண்டு மாசம் உக்காந்து தினம் தினம் பாத்திருப்பானே. எப்பப் பதில் வரும், எப்பப் பதில் வரும்னு. எத்தனை பேரை இப்படி அனுப்பியிருக்கேன்? அந்தக் கைக்குழந்தைக்காரி என்ன ஆனா?

மார்ச் 20, வெள்ளி

தானியங்கியை நிறுத்தினேன்.

மார்ச் 22, ஞாயிறு

போனை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். மன்னிச்சுக்கோடா என்று சொன்னால், "பரவாயில்லைக்கா" என்று சொல்லி முடித்துவிடுவான். அந்தப் பரவாயில்லை எனக்கு வேண்டாம்.

அவன் வேலையைத் திரும்பத் திறந்துவிட்டேன். ஏழு வருஷத்தில் நான் நிரலை எங்கெங்கோ மாற்றியிருக்கிறேன். நாற்பத்தொரு இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

முடிந்தது. ஒரு வாரமாக ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலை. அவன் எழுதியதை வரி வரியாகப் படிக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அதே அவசரம், அதே சோம்பேறித்தனமான குறுக்கு வழிகள். ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வரம்பை அவன் மூன்று என்று வைத்திருந்தான், நான் ஒன்று என்று ஆக்கினேன்.

கீழே எழுதினேன்: "ஏழு வருஷம் இதைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. தானியங்கி செய்தது என்று சொல்ல மாட்டேன், அதை எழுதியவள் நான். பார்த்துவிட்டேன். நல்ல வேலை. நிரலில் சேர்ப்பதற்கு முன் நீ ஒரு முறை பார்த்துச் சொல்ல வேண்டும்."

மார்ச் 31, செவ்வாய்

பதில் இல்லை. பூட்டவேண்டிய நாள். பூட்டவில்லை. கிளார்க் அம்மாவுக்கு, "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்துவிட்டது! பதினோரு பிழை கண்டுபிடித்திருக்கிறான். எண் போட்டு. சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. பாவி, பத்து சரிதான். பதினோராவது: "வரம்பு மூணு இருக்கணும்."

ஏப்ரல் 5, ஞாயிறு

பத்தைத் திருத்திவிட்டு, "ஒன்று போதும்" என்று போட்டேன். "போதாது." "மூன்று கொடுத்தால் திங்கட்கிழமை காலையில் எந்த வகுப்பிலும் டீச்சர் இருக்க மாட்டார். ஓட்டிப் பார்த்தாயா?" "ஓட்டிப் பாக்காம பேச நான் என்ன நீயா?" "வாயைக் குறை." ஊர் பார்க்கிற பக்கம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு பயனர் நடுவில் புகுந்து எனக்குப் புத்தி சொல்லியிருந்தார்: "புதிதாக உதவ வருகிறவர்களை இப்படியா விரட்டுவது? அவரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்."

நான் பதில் யோசிப்பதற்குள் தம்பி எழுதிவிட்டான்: "பரவாயில்லைங்க, நீங்க கண்டுக்காதீங்க. அது எங்க அக்கா."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வரம்பை இரண்டு என்று மாற்றி, அவன் வேலையை நிரலில் சேர்த்துவிட்டேன்.