பச்சை மரத்தில் செய்த அம்பு

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்து, பிற்பாடு என் அம்புகளுக்கெல்லாம் முனை அடித்துக் கொடுத்த தனம் அக்காவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. பட்டறை பூட்டிக் கிடக்குமோ என்று கடைசியில் கவலைப்பட்டாயே, அது நடக்கவில்லை. உன் மகள் வனிதா காலையில் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் உலையை மூட்டிவிடுகிறாள். உலைக்குக் காற்று ஊதுகிற பழைய ப்ளோயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினாள். "இது சத்தமே போடல, ஓடுதா இல்லையான்னு கை வச்சுப் பாக்க வேண்டியிருக்கு" என்று இப்போது அதற்கும் திட்டு. உன் வாய் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

அம்புக்கும் ஆர்டர் குறையவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் பழைய மாதிரி வில் வைத்துப் பழகுகிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்கள். போன வாரம்கூட ஒரு பார்சல் போயிற்று. நான் பக்கத்துக் கொட்டகையில் மரம் இழைக்கிறேன், அவள் முனை அடிக்கிறாள். எதிரே இன்னொரு லாட்ஜ் எழும்புகிறது. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்தால் அடி அண்ணாமலையில் நாம் ரோட்டைக் கடக்க அரை மணி ஆகிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வருவது என் பழக்கம், உனக்குத் தெரியாததா? விஷயம் அந்த விஜயதசமி அம்பு, அக்கா. ஏழு வருஷமாக நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. இனி நான்தான் எடுக்க வேண்டும்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அம்புக்கு மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். லாட்ஜ் கட்டுவதற்காக இடிக்கிற பழைய வீடுகளின் தேக்கு உத்தரத்தை வாங்கி வந்து, சட்டமாக அறுத்து, நாலு பக்கத்தை எட்டுப் பக்கமாக இழைத்து, பிறகு உருட்டி, உப்புத்தாள் போட்டு, அனலில் காட்டிக் கோணல் எடுப்பது என் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு நுனியைத் தட்டித் தகடாக்கி, அதைக் குழலாகச் சுருட்டி, மறு நுனியைக் கூராக அடிப்பது உன் வேலை. குழலைச் சூடாக்கி மரத்தில் ஏற்றினால், தனக்கு வேண்டிய இடத்தைத் தானே சுட்டுக்கொண்டு அது உட்காரும். மற்ற அம்புகளுக்குக் குறுக்கே ஒரு சின்ன ஆணியும் அடிப்போம். சாமி அம்புக்கு ஆணி கூடாது. அதில் முனை நிற்பதும் நிற்காததும் மரத்தின் யோக்கியதையைப் பொறுத்தது.

அந்த வருஷமும் வழக்கம்போல கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்கு மூன்று அம்பு. விஜயதசமி அன்று அம்மன் குதிரை வாகனத்தில் வந்து வாழை மரத்தில் அம்பு போடுவதற்கு. உன் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இருந்த காலத்திலிருந்து அது நம் பட்டறை வேலை. அவர் இறந்த பிறகு உலையை நீயே எடுத்து நடத்தினாய். சாமி அம்புக்கு முனை அடித்ததில் அது உனக்கு இரண்டாவது வருஷம்.

என்னிடம் காய்ந்த தேக்கு ஒரே ஒரு சட்டம்தான் மீதி இருந்தது. அதைச் சென்னை ஆர்டருக்கு எடுத்து வைத்துவிட்டேன். அவர்கள் ஒவ்வொரு அம்பையும் உருட்டிப் பார்த்து, கோணியிருந்தால் திருப்பி அனுப்புகிறவர்கள். சாமி அம்பு ஒரே தடவை வாழையில் பாயப்போகிறது, அதை யார் உருட்டிப் பார்க்கப்போகிறார்கள்? அறுவை மில்லில் அந்த வாரம்தான் அறுத்த பச்சைத் தேக்கில் ஒரு துண்டு வாங்கி வந்து இழைத்துக் கொடுத்தேன். சாமிதானே, பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

நீ குழலைச் சூடாக்கி ஏற்றினாய். காய்ந்த மரமென்றால் புகையோடு சரி. அன்றைக்குச் சுர்ரென்று சத்தம் வந்தது. குழலின் விளிம்பில் ஈரம் நுரைத்தது. இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"என்னடா ஏகா, மரம் சத்தம் போடுது?"

"மழைல நனைஞ்சிட்டுதுக்கா. மேல மட்டும்தான் ஈரம். உள்ள நல்ல மரம்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"உனக்கு இரும்பு தெரியும். எனக்கு மரம் தெரியாதா?"

அதற்குமேல் நீ கேட்கவில்லை. என் வார்த்தையை நம்பி மற்ற இரண்டையும் ஏற்றினாய்.

அப்புறம் நல்ல வெயில். பத்து நாளில் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது. பூசாரி வில்லில் பூட்டுவதற்கு முன்னால், எல்லாரும் பார்க்கட்டும் என்று அம்பைத் தலைக்கு மேலே தூக்கினார். முனை கழன்று வாகனத்துக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. இரண்டாவது அம்பை எடுத்தார், அதுவும் ஆடியது. மூன்றாவதை அவர் தொடவே இல்லை. மொட்டைக் குச்சியை வாழையில் எய்து சடங்கை முடித்தார்கள்.

நாம் இரண்டு பேரும் கூட்டத்தில்தான் நின்றோம். யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. விழுந்தது இரும்பு, அதனால் இரும்பைத்தான் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தாலி அறுத்தவ கைபட்ட இரும்பு. சாமி எப்படி ஏத்துக்கும்?"

என் வாய்வரைக்கும் பதில் வந்தது. மரம் பச்சை, தப்பு என்னுது என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் அந்த முனையைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, மடியில் செருகிக்கொண்டு, "வாடா, பஸ்ஸு போய்டும்" என்றாய். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சீட்டை எதற்கு அக்கா எனக்குக் கொடுத்தாய்?

மறு வருஷம் அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை. முனையை வேறெங்கோ வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பேச்சு நம் ஊர்வரை வந்துவிட்டது. வனிதாவுக்கு வளைகாப்பு வைத்தபோது, பெற்ற தாய் நீ, ஹாலுக்குள் வரவில்லை. பின்கட்டில் கலந்த சாதம் கிளறிக்கொண்டிருந்தாய். நான் வந்து கூப்பிட்டேன்.

"எனக்கெதுக்குடா வம்பு? நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க."

நான் உள்ளே போய், தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ கிளறிய சாதத்தை ருசித்துச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உனக்குத் தெரியும்தானே? நீ பொறுக்கி எடுத்த குழலுக்குள் கரியோடு பச்சை மரத்தின் சாறும் காய்ந்து ஒட்டியிருந்திருக்கும். நீ பார்க்காமலா இருந்திருப்பாய்? தெரிந்துமா என் வாயிலிருந்து வரட்டும் என்று ஏழு வருஷம் காத்திருந்தாய்?

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் சொல்லிவிடத்தான் வந்தேன். நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். நீ கண்ணைத் திறந்து, "சொல்லுடா" என்றாய். நான் சொன்னது என்ன தெரியுமா? "வனிதா நாலு மணிக்கு வர்றாளாம்." நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் நீ இல்லை.

போன மாதம் அந்த ஊர் தர்மகர்த்தா நம் பட்டறைக்கு வந்தார். வெளியில் வாங்குகிற முனை ஒன்றும் சரியில்லையாம்.

"இப்ப பாப்பாதான பட்டறை பாக்குது? சுமங்கலிப் பொண்ணு, அது கையால செஞ்சா மங்களகரமா இருக்கும். முன்ன நடந்தத மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. நல்லதாகச் சொல்வதாகத்தான் நினைத்தார்.

வனிதா உலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கம்மா அடிச்ச முனை ஆகாதுன்னா நான் அடிக்கிறதும் ஆகாதுங்க. அதே உலை, அதே சம்மட்டி. வேற எடம் பாத்துக்குங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கையிலிருந்த மரத்தை வைத்துவிட்டு வந்து, இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சென்னைக்கு எடுத்து வைத்த நல்ல மரம், சாமிக்குக் கொடுத்த பச்சை மரம், நீ கேட்டது, நான் புளுகியது, எல்லாம்.

தர்மகர்த்தா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுப்பா. அந்தம்மாவே போய்ட்டாங்க. இப்ப இதக் கிளறி என்ன ஆவப்போவுது?"

வனிதா ப்ளோயரை நிறுத்தினாள். "அம்மாகிட்ட சொன்னியா மாமா?"

"இல்ல பாப்பா."

"ஏழு வருஷத்துல ஒரு நாளு கூடவா?"

அவள் தர்மகர்த்தா பக்கம் திரும்பினாள். "அம்பு செஞ்சு தர்றோம். ஆனா அம்பு போடறதுக்கு முன்னாடி இவரு மைக்ல சொல்லணும். அதே ஊர்ல, அதே கூட்டத்துல. சம்மதம்னா சொல்லுங்க."

சாமி காரியத்தில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. ரெண்டு நிமிஷம் தருகிறோம், சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள்.

அன்றிலிருந்து வனிதா என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். டீ வருகிறது, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அம்பு மூன்றும் தயார். தேரடி வீதியில் இடித்த வீட்டு உத்தரத்தில் இருந்ததிலேயே நல்ல துண்டு. அவள் குழலை ஏற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். புகை மட்டும்தான் வந்தது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை அக்கா. இதே மாதிரிக் காய்ந்த மரம் அன்றைக்கும் என்னிடம் இருந்தது. அதை உனக்குக் கொடுத்திருந்தால், இல்லை, கொடுக்காமல் போனாலும் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால், உன் மகளுக்கு முதல் வளையலை நீ போட்டிருப்பாய். இப்போது நான் என்ன சொன்னாலும் அது திரும்பி வராது.

நாளை மறுநாள் விஜயதசமி. மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். முதலில் மழையைப் பற்றி எழுதினேன். ஆர்டர் அவசரத்தைப் பற்றி எழுதினேன். எல்லாம் சாக்கு, அடித்துவிட்டேன். மிச்சம் நின்றது இதுதான்: "அந்த முனைல ஒரு குறையும் இல்ல. மரம்தான் பச்சை. மரம் சரியில்லையேன்னு எங்க அக்கா தனலட்சுமி என்னைக் கேட்டுச்சு. நான் பொய் சொன்னேன்." படித்துப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சொல்லிவிடுவேன் அக்கா. அன்றைக்கு உன் பின்னால் நின்று பேசிய அந்த அம்மா கூட்டத்தில் இருந்தால், அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். நாக்கு ஒட்டினாலும் இந்த முறை மண்ணைப் பார்க்கமாட்டேன்.

நீ பக்கத்தில் நிற்கும்போதே உன்னை விட்டுக்கொடுத்த,
உன் தம்பி,
ஏகாம்பரம்