குப்பைத் தொட்டியில் ஒளித்து வைத்த கடிதங்கள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

பத்து நாளாகப் பதில் இல்லையே என்று தவித்திருப்பாய். திட்டாமல் கேள். உன் கல்யாணத்துக்கு வேண்டாம் என்று சொன்ன அப்பா, வீட்டில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நின்றாரே, அன்றிலிருந்து உன் மெயில்களைப் படித்ததும் கம்ப்யூட்டரில் இருக்கிற குப்பைத் தொட்டிக்குள்தான் போட்டு வைப்பேன். குப்பைப் பக்கம் எட்டிப் பார்க்கிற மனுஷரா அவர்? ஆறு வருஷமாக இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் எனக்கு இல்லை. போன வாரம் விளம்பர மெயில்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, தொட்டியைக் காலி செய்யட்டுமா என்று கேட்டது. குப்பையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா, அமுக்கிவிட்டேன். அத்தனையும் போச்சுடி. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ எழுதியது, லீவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வரலாமா, அப்பா என்ன சொல்வார் என்று கடைசியாகக் கேட்டது, ஒன்றுகூட மிச்சமில்லை.

நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடியைத் தேடி வந்த அப்பாவிடம் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடு ரெண்டாகப் போகிறது என்று பயந்தால், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கையோடு கூட்டி வந்தார். தங்கமான மனுஷன், அந்த ரிப்பேர்காரர். அழித்தது கண்ணுக்குத்தான் தெரியாதும்மா, மெயில் ஃபைலுக்குள்ள அப்படியே கிடக்கும், காலி இடத்தைச் சுருக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேக்கும்போது சரின்னு அமுக்கினாத்தான் நிஜமா போகும், யாராவது அமுக்கினீங்களா என்றார். எனக்கு உயிரே நின்றுவிட்டது. அப்பாவோ, அது தினமும்தான் கேக்குது, நானும் தினமும் வேணாம்னுதான் அமுக்கறேன், என் வீட்டுல எதையும் சுருக்க அதுக்கு என்ன உரிமை என்றார். உன் அப்பாவின் 'வேண்டாம்' ஒரு தடவையாவது நமக்கு நல்லது செய்ததே, அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு மெயிலும் திரும்பி வந்தன. மேலே இருந்தது உன் கேள்வி. அப்பா நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்று நாள் படித்தார். நான் காபி வைத்தால் ஆறிப்போகும், வேறு வைப்பேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்துவிட்டு, இதைக்கூட எனக்குச் சொல்லலையே என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இன்று காலை டேப்பை எடுத்து உன் அறைக் கட்டிலை அளந்தவர், மாப்பிள்ளை உயரம் எவ்வளவு, இது அவருக்குப் பத்துமா என்று கேட்டார். மாப்பிள்ளை என்று அவர் வாயாலேயே சொன்னார், என் காதால் கேட்டேன். ரிப்பேர்காரர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சிரித்துவிடுகிறவர்களாக, நோய்நொடி இல்லாமல் நீங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்க வேண்டும். மாப்பிள்ளை உயரத்தை மறக்காமல் எழுது, தச்சர் நாளைக்கு வருகிறார்.

உன் அம்மா

அப்பா எழுதுவது: வாங்க. இனிமே எனக்கும் தனியா எழுது. நான் குப்பையில போட மாட்டேன்.